33-ஆ, 29-ஆ? வீட்டிலிருந்து கணக்கெழுதும் வேலையும் நம் கணக்குப்பதிவியல் வகுப்பும்

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலின் பத்தாவது அலகு கணினிமயக் கணக்கியல் பற்றியது. டேலி மென்பொருளை அதில்தான் அறிமுகம் செய்கிறோம். கடைசி அலகு என்பதால் பல பள்ளிகளில் அது திருப்புதல் தேர்வு நெருங்கும் நாள்களில்தான் நடக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் திரை வரும் என்பதை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் வந்துவிடுகிறது. ஆனால் அந்த அலகை நம்பி ஒரு மாணவியால் சம்பாதிக்க முடியுமா என்று கேட்டால், பொத்தான்களைப் பற்றிய அறிவு மட்டும் போதாது என்றே சொல்வேன். சாமல்பட்டிப் பக்கம் வணிகவியல் நடத்தும் ஆசிரியையாக நான் அந்த அலகை வேறு வகையில் நடத்திப் பார்க்கிறேன். அதற்கான காரணத்தையும் நடத்தும் முறையையும் இங்கே பகிர்கிறேன்.

சாமல்பட்டி ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் ஒரு நிலையம். ஓசூருக்குப் போக வேண்டுமானால் கிருஷ்ணகிரி வழியாகப் பேருந்துதான். எங்கள் மாணவர்களின் வீடுகளில் மாந்தோப்பு, கிரானைட் பட்டறை, கறவை மாடு, ஓசூர் கம்பெனி வேலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். வணிகவியல் பிரிவில் பெண் பிள்ளைகள் அதிகம். பிளஸ் டூ முடித்ததும் அவர்களில் ஒரு பகுதியினர் கல்லூரிக்குப் போகிறார்கள், ஒரு பகுதியினர் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள், மற்றவர்களுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. கணக்குப்பதிவியலில் தொண்ணூறு மதிப்பெண் எடுத்தவரும் அதில் அடக்கம்.

சில ஆண்டுகளாக இன்னொரு வழி மெல்லத் தெரிகிறது. என்னிடம் படித்து, அஞ்சல் வழியில் பி.காம். முடித்த ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே ஓசூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகள் மூன்றுக்குக் கணக்கு எழுதுகிறார். முதலாளி பில்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார். இவர் அவற்றை இணையவழிக் கணக்கு மென்பொருளில் பதிவார். வங்கிக் கணக்கின் வரவு செலவும் அதே மென்பொருளுக்கு வந்துசேரும். ஆடிட்டர் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து அதே கணக்கைத் திறந்து பார்ப்பார். மூவரும் ஓரிடத்தில் இல்லை, ஆனால் மூவர் முன்னாலும் இருப்பது ஒரே பேரேடு. கிளவுட் என்பது இவ்வளவுதான்: பேரேடு நம் கணினியில் இல்லாமல் வேறெங்கோ உள்ள சர்வரில் இருக்கிறது, அனுமதி பெற்றவர் எங்கிருந்தும் திறக்கலாம்.

இந்த மென்பொருள்களில் இரண்டு நமக்கு ஊர்க்காரர்கள் போலத்தான். டேலியை உருவாக்கிய நிறுவனம் 1986இல் பெங்களூரில் தொடங்கியது. ஜோஹோ நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்துகிறது. அதன் ஜோஹோ புக்ஸ் தொடக்கம் முதலே இணையவழிக் கணக்குக்காகச் செய்யப்பட்டது.

தொலைவிலிருந்து வேலை என்பதும் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2000களின் பிற்பகுதியில் இங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தோஷ் பாபுவின் முயற்சியில் ஃபாஸ்டெரா என்ற கிராமப்புற பிபிஓ தொடங்கப்பட்டது. கிராமத்து இளைஞர்கள் பயிற்சி பெற்று, எங்கோ இருந்த நிறுவனங்களின் வேலையை இங்கிருந்தே செய்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை ஐஐடியின் ஆதரவோடு வளர்ந்த தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் அதைச் செய்தது. அவற்றுக்கும் இன்றைய வேலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று எல்லோரும் ஒரு கட்டடத்துக்குப் போனார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குப் பக்கத்து நாற்காலி இல்லை. எது புரியவில்லை என்பதை அவரே கண்டுபிடித்து, எழுத்தில் கேட்டாக வேண்டும். என் பாடத்தின் நடுப்பகுதி இதுதான்.

மென்பொருள் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். நாம் வாரக்கணக்கில் நடத்தும் குறிப்பேட்டுப் பதிவு, பேரேட்டில் எடுத்தெழுதல், இருப்புக் கட்டுதல், இருப்பாய்வு ஆகிய அனைத்தையும் மென்பொருள் நொடியில் முடித்துவிடும். கூட்டல் பிழை வராது. பற்றும் வரவும் சமமாகவே இருக்கும். ஆனால் கையில் உள்ள இந்தச் சீட்டு என்ன, யாருடைய செலவு, எந்தக் கணக்கில் சேரும் என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். இப்போது சில மென்பொருள்கள் பில்லின் படத்தைப் படித்துத் தாமே நிரப்புகின்றன, ஆனால் அவை நிரப்புவது ஊகம்தான். அந்த ஊகம் சரியா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். தவறான கணக்குத் தலைப்பில் போட்டாலும் இருப்பாய்வு அழகாகச் சமப்படும். விதிப்பிழையை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது என்று பிளஸ் ஒன்னில் நடத்துகிறோமே, அந்த ஒரு வரிதான் இந்த வேலை முழுக்க.

எனவே நான் பாடத்தைத் திரையில் தொடங்குவதில்லை, பில்லில் தொடங்குகிறேன். பெயர்களை மறைத்த பழைய பில்களின் நகல்களை மேசைக்கு ஐந்தாகக் கொடுத்துவிடுவேன். முதல் வேலை, ஜிஎஸ்டி எண்ணைப் படிப்பது. அது 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். பதின்மூன்றாவது, ஒரே பானுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். கடைசி எழுத்து, முன்னால் உள்ளவற்றில் பிழை உண்டா என்று சோதிக்கும் எழுத்து. அதைக் கணக்கிடும் முறையைக் கணித ஆசிரியர் ஒருவர் மன்றக் கூட்டத்தில் செய்து காட்டலாம், 36ஆல் வகுத்து மீதி காணும் எளிய கணக்குதான்.

எங்கள் பகுதிக்கு அந்த முதல் இரண்டு இலக்கம் உயிர். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது வேறு மாநிலம். ஓசூரில் உள்ள ஒரு லேத் பட்டறை 10,000 ரூபாய்க்கு உதிரிபாகம் விற்கிறது, வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கிருஷ்ணகிரிக்குப் போனால் சிஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 900. அதே சரக்கு அதைவிடக் குறைந்த தூரத்தில் உள்ள அத்திப்பள்ளிக்குப் போனால் ஐஜிஎஸ்டி 1,800. இரண்டிலும் மொத்தம் 11,800.

“மிஸ், ரெண்டும் ஒரே தொகைதானே, எதுக்குப் பிரிக்கணும்?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நானே கேட்க வைப்பேன். பணம் எந்த அரசுக்குப் போகிறது என்பதுதான் பதில். மாநிலத்துக்குள் விற்றால் மத்திய அரசுக்கும் நம் மாநிலத்துக்கும் பாதிப்பாதி. எல்லை தாண்டினால் ஒரே வரியாக வசூலாகி, பொருள் போய்ச்சேரும் மாநிலத்துக்கு அதன் பங்கு போகும். மாற்றிக் கட்டிவிட்டால் “மொத்தம் சரிதானே” என்று விட மாட்டார்கள். சரியான வரியை மறுபடி கட்ட வேண்டும், தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வட்டி இல்லை என்பது ஆறுதல். ஆனால் பணம் திரும்பி வரும்வரை சிறு பட்டறைக்காரரின் கை கடிக்கும்.

இதை மென்பொருளே முடிவு செய்யாதா? செய்யும். வாடிக்கையாளரின் விவரத்தில் நாம் எந்த மாநிலத்தைப் பதிந்தோமோ அதை வைத்துச் செய்யும். சிக்கல் என்னவென்றால், எங்கள் எல்லைப் பகுதியில் ஒரே நிறுவனத்துக்கு ஓசூரில் ஒரு பதிவும் பெங்களூரில் ஒரு பதிவும் இருப்பது சாதாரணம். இரண்டு எண்ணிலும் பான் பகுதி ஒன்றே, முதல் இரண்டு இலக்கம்தான் வேறு. கீழிறங்கும் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வரும், அவசரத்தில் மேலே உள்ளதைத் தொட்டுவிடுவார்கள். மாணவர்களிடம் இத்தகைய இரண்டு பில்களைக் கொடுத்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெயரையும் முகவரியையும்தான் முதலில் ஒப்பிடுவார்கள். எண்ணைப் படிப்பவர் கடைசியில் ஒருவர் இருப்பார்.

ஓசூர்ப் பட்டறைகளுக்கு விற்பனையைவிடக் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலையும் நிறைய. பெங்களூரு தொழிற்சாலை மூலப்பொருளை அனுப்பும், இவர்கள் கடைந்து திருப்பி அனுப்புவார்கள். அங்கே பொருள் விற்கப்படவில்லை, எனவே விற்பனை பில் கிடையாது. டெலிவரி சலானில்தான் வரும். மாநிலம் கடந்து பொருள் கொண்டுசெல்ல இ-வே பில் தேவைப்படும் வரம்பு பொதுவாக 50,000 ரூபாய். ஆனால் இப்படி வேறு மாநிலத்துக் கூலிவேலைக்கு அனுப்பும் பொருளுக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். சலானைக் கொள்முதல் பில் என்று நினைத்துப் பதிந்துவிட்டால் அடுத்தவர் இரும்பு நம் சரக்கிருப்பில் ஏறிவிடும். மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். தையல்காரரிடம் கொடுத்த துணி தையல்காரருடையது ஆகாது என்று ஒரு மாணவி சொன்னாள். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

அடுத்தது வங்கி. வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் பாடநூலில் காசோலைகளைக் கொண்டே நடத்துகிறோம். இன்றைய பட்டறைக்காரருக்குக் காசோலை குறைவு, தொகை நேராகக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் வேறுபாடுகள் ஒழியவில்லை. கூலி 50,000, வரி 9,000, ஆக 59,000க்குப் பில் போட்டார் பட்டறை முதலாளி. வங்கியில் வந்தது 58,500. மென்பொருள் இரண்டையும் இணைத்துக் காட்டி, மீதி 500ஐ என்ன செய்ய என்று கேட்கிறது. ‘வங்கிக் கட்டணம்’, ‘தள்ளுபடி’ என்று பட்டியலில் வரும் ஏதோ ஒன்றைத் தொட்டால் திரை பச்சையாகிவிடும், வேலை முடிந்ததுபோல் தெரியும்.

அந்த 500 எங்கே போனது? வேலை கொடுத்த நிறுவனம் தனிநபர் பட்டறைக்காரருக்குத் தரும் கூலியில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறது. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருப்பதால் 50,000க்கு மட்டும் பிடித்தம், 59,000க்கு இல்லை. அந்தப் பணம் பட்டறைக்காரரின் பான் எண்ணில் வரவாக நிற்கிறது. ஆண்டு முடிவில் அவர் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். வங்கிக் கட்டணம் என்று எழுதியவர் அவருடைய சொத்தைச் செலவாக்கிவிட்டார். ஒவ்வொரு பில்லிலும் இது நடந்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்று மாணவர்களையே பெருக்கச் சொல்லுங்கள். 500 ரூபாய் என்பது அவர்கள் வீட்டில் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

இனி அந்த எழுத்துக் கேள்வி. இதற்கு நான் செய்யும் செயல்பாட்டுக்குக் கணினியே தேவையில்லை. வகுப்பை இரண்டு ஊராகப் பிரித்துவிடுவேன். சன்னல் பக்கம் ஓசூர், கதவுப் பக்கம் சாமல்பட்டி. ஓசூர்க்காரர்கள் பட்டறை முதலாளிகள், அவர்களிடம் பில்களின் பின்கதை எழுதிய அட்டை இருக்கும். சாமல்பட்டிக்காரர்கள் கணக்கெழுதுபவர்கள், அவர்களிடம் பில் மட்டும் இருக்கும். பேசக்கூடாது, துண்டுச்சீட்டில்தான் கேட்கலாம். ஒரு பில்லுக்கு ஒரே ஒரு சீட்டு, முதலாளி வேலையில் இருப்பவர் அல்லவா?

முதல் சுற்றில் வரும் சீட்டுகளைப் பாருங்கள். “இது என்ன பில்?” “புரியல சார்.” ஓசூர்க்காரர் “பட்டறை பில்தான்” என்று எழுதித் திருப்பி அனுப்புவார். சீட்டு தீர்ந்தது, விடை கிடைக்கவில்லை. இரண்டாம் மூன்றாம் சுற்றில் கேள்வி உருப்பெறும். “12ஆம் தேதி, பில் எண் 47, ஆயில் 3,540 ரூபாய். இது மெஷினுக்கா, டெலிவரி வண்டிக்கா, உங்கள் சொந்த காருக்கா?” இப்படிக் கேட்டால் முதலாளி ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். மெஷினுக்கு என்றால் ஒரு தலைப்பு, வண்டிக்கு என்றால் இன்னொரு தலைப்பு, சொந்த கார் என்றால் அது தொழிலின் செலவே இல்லை, எடுப்புகள். முதலாளி வேறு, தொழில் வேறு என்ற கருத்தை விதியாகச் சொல்லி நடத்தியபோது தலையாட்டியவர்கள், அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபோதுதான் அதைப் பயன்படுத்தினார்கள். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் அலகான முழுமை பெறாப் பதிவேடுகளையும் இந்தச் செயல்பாட்டோடு சேர்த்து நடத்தலாம். உண்மையில் சிறுதொழிலில் நாம் சந்திக்கும் பதிவேடுகள் எல்லாமே முழுமை பெறாதவைதான்.

இதே விளையாட்டை நான்காம் ஐந்தாம் வகுப்பிலும் ஆடலாம். பில்லுக்குப் பதில் ஒரு மளிகைச் சீட்டு போதும். தேதி, பொருள், அளவு, விலை, மொத்தம் இவற்றில் ஒன்றை மறைத்துவிட்டு, மறைந்ததை ஒரே கேள்வியில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 3,540ஐ 3,450 என்று எழுதுவது எங்கள் வகுப்பில் வரும் பிழைகளில் முன்னணியில் இருப்பது. அது இடமதிப்பில் வேரூன்றிய பிழை, பிளஸ் டூவில் வந்து திருத்துவது கடினம்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் அடுத்த படிக்குப் போகலாம். டேலியின் கல்வி முறையில் கட்டணமின்றிப் பழகலாம். மாதத்தின் குறிப்பிட்ட சில நாள்கள் தவிர வேறு தேதியில் பதிய விடாது, பயிற்சிக்கு அது தடையில்லை. இணையத்தில் பகிரும் ஒரு விரிதாள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கணினியில் இரண்டு மாணவர் அதைத் திறந்து பதியட்டும். பிறகு மாற்ற வரலாற்றைத் திறந்து காட்டுங்கள். யார், எப்போது, எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்று வரிசையாக வரும். வகுப்பில் ஒரு சின்ன அமைதி நிலவும். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் இப்படி ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் அணைக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். அழிப்பானுக்கு இடமில்லை. பிழையைத் திருத்துப் பதிவால்தான் சரிசெய்ய வேண்டும் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதைச் சட்டமும் இப்போது சொல்கிறது.

மாதத்தின் நாள்களையும் வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 14ஆம் தேதி கொள்முதல் வரவைக் காட்டும் 2பி தயாராகும், 20ஆம் தேதிக்குள் 3பி. இந்தத் தேதிகளை வைத்தே வேலை நகரும். “வீட்டில் சும்மா இருக்கும்போது செய்யும் வேலை” என்ற எண்ணம் இந்த அட்டவணையைப் பார்த்ததும் பெற்றோருக்குப் போய்விடுகிறது. அது போக வேண்டும். பெண்ணை வெளியே அனுப்பாமல் இருக்க இது ஒரு வசதி என்று எடுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. 10ஆம் தேதி இரவு அடுப்பையும் பேரேட்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னால் இரண்டும் தீயும். மேலும் பிளஸ் டூ மட்டும் போதாது. பி.காம். படிக்க வேண்டும், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சில காலமாவது நேரில் உட்கார்ந்து பழக வேண்டும். இதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாதுகாப்புக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குகிறேன். கணக்கெழுதுபவருக்குத் தனி நுழைவுப் பெயர் இருக்க வேண்டும், முதலாளியின் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளக் கூடாது. வங்கி விவரத்தைப் பார்க்கும் அனுமதி போதும், பணம் அனுப்பும் அனுமதி வேண்டாம். வரித் தாக்கலுக்கான ஓடிபி முதலாளியின் கைப்பேசிக்குத்தான் வர வேண்டும். இவை வேலை கிடைத்த பிறகு தேவைப்படுபவை. வேலை தேடும்போதே காத்திருக்கும் ஆபத்து வேறு. வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி வேலை என்று விளம்பரம் செய்து முன்பணம் கேட்பார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு அனுப்பினால் கமிஷன் என்பார்கள். அது பிறரிடம் ஏமாற்றிய பணமாக இருக்கும், காவல்துறை வருவது கணக்கு வைத்திருப்பவரின் வீட்டுக்கு. வேலைக்கென்று ஆதார், பான் நகல்களை வாங்கி, அவர்கள் பெயரிலேயே போலி நிறுவனம் பதிந்து, கூலி வேலை செய்யும் பெண்களுக்குப் பெருந்தொகை வரி நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டு நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதை எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் ஜிஎஸ்டி இணையதளம். வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் பான் எண்ணை இட்டுத் தேடலாம். அந்தப் பானில் நாட்டின் எந்த மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு இருந்தாலும் பட்டியலாக வரும், உள்நுழையத் தேவையில்லை. மாணவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா, அண்ணன் பான் எண்களை அதில் இட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்வார்கள். ஒன்றும் இல்லை என்று வருவதுதான் நாம் எதிர்பார்ப்பது. ஏதேனும் வந்தால், முதல் இரண்டு இலக்கத்தைப் படிக்க அவர்களுக்குத் தெரியும்.